மருத்துவர் அறைக்கு வெளியே ஏறும் இரத்த அழுத்தம்: சாதிப் பாகுபாடும் இதயமும் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளியின் ஒப்புதலோடு எழுதப்படும் இந்த ஆய்வில், அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் சில மாற்றப்பட்டுள்ளன. நோயின் போக்கும் அளவீடுகளும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

வந்த நிலை

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தைச் சேர்ந்த 46 வயது ஆண், அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் இளநிலை உதவியாளராகப் பணிபுரிகிறார். நெஞ்சின் நடுவே கனம், படபடப்பு, பின்னிரவில் விழிப்பு வந்தால் மீண்டும் உறங்க முடியாமை ஆகிய மூன்று தொல்லைகளோடு வந்தார். ஏறத்தாழ ஓராண்டாக இவை இருந்தன. அதற்குள் இரண்டு முறை நள்ளிரவில் நெஞ்சுவலி என்று மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஈசிஜியும் இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் டிரோபோனின் இரத்தப் பரிசோதனையும் இயல்பாக இருந்ததால், வாயு என்று சொல்லி அனுப்பப்பட்டிருந்தார். டிரெட்மில் பரிசோதனையிலும் குறை எதுவும் தெரியவில்லை. மரச்சீனியை (மரவள்ளிக் கிழங்கை) நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினார். காலையில் வெறும்வயிற்றில் பாண்டப்ரசோல் என்ற வாயு மாத்திரை போடச் சொன்னார்கள், போட்டார். கனம் குறையவில்லை.

என் அறையில் அளந்தபோது இரத்த அழுத்தம் 132/84. அடுத்த வருகையில் 130/82. உயர் இரத்த அழுத்தம் என்று பெயரிட நாம் கொள்ளும் 140/90 என்ற எல்லைக்குக் கீழேதான் இரண்டும் இருந்தன. ஆனால் எக்கோ பரிசோதனையில் இதயத்தின் இடது கீழறைச் சுவர் 12 மி.மீ. அளவுக்குத் தடித்திருந்தது. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் சிறிதளவு கசிந்தது. பல ஆண்டுகளாகக் கூடுதல் அழுத்தத்துக்கு எதிராக இரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும் இதயத்தில்தான் இத்தகைய தடிப்பைப் பொதுவாகக் காண்கிறோம். 130/82 அழுத்தமுள்ள, புகையோ மதுவோ பழகாத, உடல் எடை அளவாக உள்ள ஒருவரின் இதயம் இந்தச் சுமையை எங்கே, எந்த நேரத்தில் சுமக்கிறது என்ற கேள்விக்கு விடை என் அறைக்குள் இல்லை என்பது தெளிவாயிற்று.

வழக்கமான காரணங்களை முதலில் தேடினோம். தந்தைக்கு 61 வயதில் பக்கவாதம் வந்திருக்கிறது. ஆகவே குடும்ப வழியை ஒதுக்கிவிட முடியாது. உணவில் கருவாடும் ஊறுகாயும் உண்டு, ஆனால் அளவுக்கு மீறி இல்லை. பொட்டாசியம், கிரியாட்டினின், தைராய்டு மூன்றும் இயல்பு. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 5.8. குறட்டை இல்லை என்பதை மனைவி உறுதிப்படுத்தினார். பகலில் தூங்கி விழும் வழக்கமும் இல்லை.

ஒரு வேலைநாளின் பதிவு

பின்னர் 24 மணிநேர இரத்த அழுத்தப் பதிவுக் கருவியை ஒரு வேலைநாளில் பொருத்தினோம். கையில் கட்டிய பட்டை பகலில் 20 நிமிடங்களுக்கு ஒரு முறையும் இரவில் 30 நிமிடங்களுக்கு ஒரு முறையும் தானே இறுகி அளந்துகொள்ளும். அந்தந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை ஒரு தாளில் குறித்துவரச் சொல்லியிருந்தோம். கோடுபோட்ட தாளில், எழுத்தருக்கே உரிய ஒழுங்கான கையெழுத்தில், நேரம் ஒரு பக்கமும் வேலை மறுபக்கமுமாக எழுதிக்கொண்டு வந்தார்.

விழித்திருந்த நேரச் சராசரி 147/92. உறங்கிய நேரச் சராசரி 138/85. முழுநாள் சராசரி 144/90. முழுநாள் சராசரி 130/80-ஐ எட்டினாலே உயர் இரத்த அழுத்தம். உறக்கத்தில் அது 120/70-க்குக் கீழே இருக்க வேண்டும். மருத்துவர் அளக்கும்போது இயல்பாகவும் வெளியே உயர்ந்தும் இருக்கும் இந்த நிலைக்கு மறைந்திருக்கும் உயர் இரத்த அழுத்தம் என்று பெயர். உறக்கத்தில் பகல் அளவைவிடப் பத்து விழுக்காடாவது இறங்க வேண்டிய அழுத்தம் இவருக்கு ஆறு விழுக்காடுதான் இறங்கியது. இரவில் இறங்காத அழுத்தம் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் கூடுதல் அபாயம் என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை.

இவ்வளவோடு மாத்திரை எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் பதிவுகளையும் அந்தத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. காலை 10.40-க்கு எதிரே ‘சம்பளப் பட்டியல் சரிபார்ப்பு, தனியாக’ என்று எழுதியிருந்தார், அழுத்தம் 138/86. மாதத்திலேயே மிகக் கடுமையான வேலை அது. 11.20-க்கு எதிரே ‘தேநீர்’ என்ற ஒரே சொல், அழுத்தம் 164/102. இருபது நிமிடம் கழித்து இருக்கைக்குத் திரும்பிய பிறகும் 158/98. வேலைப்பளுதான் காரணம் என்றால் இந்த வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

தேநீர் நேரத்தில் என்ன நடந்தது என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: “ஒண்ணும் நடக்கல்ல டாக்டர். நடக்குமோன்னு இருந்தேன்.”

சமூக வரலாறு

இவருடைய குடும்பம் மூன்று தலைமுறைகளுக்கு முன் கிறிஸ்தவத்தைத் தழுவிய தலித் குடும்பம். குடும்பத்தில் முதல் பட்டதாரி இவர். அந்தப் பள்ளி அலுவலகத்தில் 19 ஆண்டுகளாக இருக்கிறார். யாரும் இவரைச் சாதிப்பெயர் சொல்லித் திட்டியதில்லை. தேநீர் நேரத்தில் இவர் பெஞ்சில் அமர்ந்தால் பக்கத்தில் இருப்பவர் கைபேசியை எடுத்துக்கொண்டு எழுந்துபோவார். சில நாள் போகமாட்டார். சக ஊழியர் வீட்டுத் திருமண அழைப்பிதழ் மற்றவர்களுக்குக் கையில் கொடுக்கப்படும், இவருக்கு மேசைமேல் வைக்கப்படும். சில நேரம் கையிலும் கிடைக்கும். எது எப்போது நடக்கும் என்பது தெரியாது. தேநீருக்குப் போகாமல் இருந்தால் கனத்த ஆளாகிவிட்டான் என்ற பேச்சு வரும். ஆகவே தினமும் பத்தரை மணியிலிருந்தே எங்கே உட்காருவது, யாருக்குப் பின்னால் போவது, எவ்வளவு நேரம் இருந்துவிட்டு எழுவது என்ற கணக்கு மனத்துக்குள் ஓடத் தொடங்கிவிடும். கருவி அளந்தது இந்தக் கணக்கைத்தான்.

நோய் தீவிரமான காலத்தைப் பற்றி மனைவிதான் பேசினார். வங்கிக் கடன் எடுத்தும் சீட்டுப் பிடித்தும் கட்டிய வீட்டுக்கு முந்தைய ஆண்டு பால்காய்ப்பு நடந்தது. அலுவலகத்தார் எல்லோரையும் குடும்பத்தோடு அழைத்து, பருப்பு, அவியல், எரிசேரி, பாயசம் என்று இலை விருந்து ஏற்பாடு செய்திருந்தார்கள். “அவிய எல்லாரும் வந்தாவ. வீட்டச் சுத்திப் பாத்தாவ, நல்லாருக்குன்னு சொன்னாவ. கவரும் தந்தாவ. ஒருத்தரும் இலையில இருக்கல்ல, டாக்டரே.” ஒருவருக்கு வயிறு சரியில்லை, ஒருவருக்கு அவசரமாகப் போக வேண்டும், ஒருவர் அன்று விரதம். மூடி திறக்காத குளிர்பானப் புட்டிகளை மட்டும் வாங்கிக் குடித்தார்கள். கடையில் அடைத்து வந்தது என்பதால் அதற்குத் தடையில்லை. வந்தவர்களில் சிலர் இவர் போகும் சபையைச் சேர்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே திருவிருந்தில் பங்குபெறுகிறவர்கள். அன்று மீந்த சோற்றை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் இருட்டும்வரை காத்திருந்ததாக அந்த அம்மையார் சொன்னார். உறக்கம் கெட்டது அந்த மாதத்திலிருந்துதான்.

மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் பட்டியலில் இவர் பெற்ற மதிப்பெண் 14, மிதமான மனச்சோர்வு. பதற்ற அளவு 12. உயிரை விட்டுவிடும் எண்ணம் உண்டா என்று நேராகவே கேட்டேன். இல்லை என்றார், பிள்ளைகள் படித்து முடிக்கும்வரை உடம்பு தாங்க வேண்டும் என்பதே கவலை என்றார்.

இனவெறி பற்றிய ஆய்வுகள் இங்கே சொல்வது

பாகுபாட்டுக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை அதிகமாக ஆராய்ந்த நாடு அமெரிக்கா. ஆராயப்பட்டவர்கள் பெரும்பாலும் அங்குள்ள கறுப்பின மக்கள். இனமும் சாதியும் ஒன்றல்ல. அங்கே தோலின் நிறம் முன்னே நடந்துபோகிறது. இங்கே ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம், எந்தச் சபை என்ற மூன்று கேள்விகளில் சாதி தெரிந்துவிடுகிறது. ஆயினும் அவமதிப்பை எதிர்கொள்ளும் உடல் ஒரே உடல்தான் என்பதால் அந்த ஆய்வுகளை இங்கே பொருத்திப் பார்ப்பதில் தவறில்லை என்று கருதுகிறேன்.

சமூகவியலாளர் டேவிட் வில்லியம்ஸ் 1997-இல் டெட்ராய்ட் ஆய்வின் வழியே வெளியிட்ட அன்றாடப் பாகுபாட்டு அளவுகோல், அடி, உதை, வேலை மறுப்பு போன்ற பெரிய நிகழ்வுகளைக் கேட்பதில்லை. மற்றவர்களைவிட மரியாதைக் குறைவாக நடத்தப்படுகிறீர்களா, அறிவில்லாதவர் என்பதுபோல் நடந்துகொள்கிறார்களா, தாங்கள் உங்களைவிட மேலானவர்கள் என்பதுபோல் நடக்கிறார்களா என்று சிறியனவற்றைக் கேட்டு, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று குறிக்கச் சொல்கிறது. அதன் ஒன்பது கேள்விகளையும் தமிழில் இவருக்கு வாசித்தேன். முதலில் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். பேச்சு நீண்ட பிறகு, நான்கு கேள்விகளுக்குத் தினமும் என்று திருத்திக்கொண்டார்.

இந்த முதல் ‘இல்லை’யை மருத்துவர்கள் கவனிக்க வேண்டும். நான்சி கிரீகரும் ஸ்டீபன் சிட்னியும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இளம் வயதினர் இருந்தனர். அதில் உழைக்கும் வர்க்கக் கறுப்பின மக்களில், பாகுபாட்டைச் சந்தித்ததே இல்லை என்றும் அநியாயத்தைப் பொறுத்துப்போவதே வழக்கம் என்றும் சொன்னவர்களின் மேல் அழுத்தம், ஒன்றிரண்டு பாகுபாடுகளைச் சந்தித்து எதிர்த்துக் கேட்டதாகச் சொன்னவர்களைவிட ஏறக்குறைய 7 மி.மீ. கூடுதலாக இருந்தது. சொல்லாமல் விழுங்கியது உடலில் போய்ச் சேர்கிறது என்றே இதை நான் வாசிக்கிறேன்.

அமெரிக்க ஆய்வாளர் ஷெர்மன் ஜேம்ஸின் ஆய்வும் இவருக்கு மிக நெருக்கமானது. வட கரோலினாவைச் சேர்ந்த ஜான் ஹென்றி மார்ட்டின் என்ற கறுப்பின உழவர், குத்தகை அடிமைத்தனத்திலிருந்து தன் உழைப்பாலேயே மீண்டு, நாற்பது வயதுக்குள் 75 ஏக்கர் நிலத்துக்கு உரிமையாளரானவர். பிற்காலத்தில் உயர் இரத்த அழுத்தமும் கடும் வயிற்றுப் புண்ணும் மூட்டு நோயும் அவரை வாட்டின. வசதி குறைந்தவர்கள், எல்லாத் தடைகளையும் கூடுதல் உழைப்பாலேயே வென்றுவிட முடியும் என்று ஓயாமல் முயலும்போது அந்த முயற்சி இதயத்தின்மேல் ஏறுகிறது என்ற கருத்தை 1980-களில் ஜேம்ஸ் முன்வைத்தார். நம் நோயாளியின் அலுவலகத்தில் கணினியில் செய்ய வேண்டிய பணிகள் எல்லாம் இவர் மேசைக்கே வருகின்றன. ஒரு பிழைகூட வரக்கூடாது, வந்தால் அதற்கு வேறு பெயர் சூட்டுவார்கள் என்று மாலை ஆறரை மணிவரை இருந்து சரிபார்க்கிறார்.

உடலுக்குள் நடப்பதை அதிகம் விரிக்கத் தேவையில்லை. ஆபத்து வரும் என்று எதிர்பார்த்தாலே அட்ரினலினும் கார்டிசாலும் சுரக்கின்றன. இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. ஆபத்து வந்து போய்விட்டால் உடல் தணிந்துவிடும். வருமா வராதா என்று தெரியாத ஆபத்துக்கு அந்தத் தணிவு கிடைப்பதில்லை. நடந்ததை இரவில் மீண்டும் நினைத்துப் பார்க்கும்போது அழுத்தம் மீண்டும் ஏறுகிறது. எலிசபெத் பிராண்டலோவின் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இனப்பாகுபாட்டை அதிகம் உணர்ந்தவர்களின் அழுத்தம் இரவில்தான் கூடுதலாகக் காணப்பட்டது. அன்றாடப் பாகுபாட்டை நெடுங்காலம் அனுபவித்த கறுப்பினப் பெண்களின் இதயத் தமனிகளில் சுண்ணாம்புப் படிவு இருப்பதற்கான வாய்ப்பு கூடியிருந்ததை டெனே லூயிஸ் குழுவினர் 2006-இல் காட்டினர். மனச்சோர்வும் மாரடைப்பும் தனித்தனி நோய்களும் அல்ல. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004-இல், மன அழுத்தமும் மனச்சோர்வும் மாரடைப்புக்கான முதன்மைக் காரணிகளில் அடங்கும் என்று உறுதிப்படுத்தியது.

இந்தியாவில் இவ்வளவு ஆய்வு நடக்கவில்லை. ஆனால் 2022-இல் சங்கீதா வியாஸ், பாயல் ஹாத்தி, ஆஷிஷ் குப்தா ஆகியோர் வெளியிட்ட கணக்கில், உயர்சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் ஆயுள் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகவும் ஆதிவாசிகளின் ஆயுள் நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகவும் குறைந்திருந்தது. இந்த இடைவெளியில் பாதியைக்கூட வறுமையால் விளக்க முடியவில்லை என்பதுதான் அதில் நம்மை நிறுத்த வேண்டிய செய்தி.

எண்களுக்குள் மறைந்துபோகிறவர்

இந்த மாவட்டத்தின் எழுத்தறிவு 2011 கணக்கெடுப்பின்படி 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே முதலிடம். மக்கள்தொகையில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். பட்டியல் சாதியினர், மாநில அளவில் ஐந்தில் ஒருவராக இருக்க, இங்கே 4 விழுக்காடு அளவே. நம் நோயாளி அந்த 4 விழுக்காட்டிலும் இல்லை. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவத்துக்கு மாறியவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார். தமிழ்நாட்டில் அவருக்குக் கிடைப்பது பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவருக்கு இல்லை. உடல்நலக் கணக்கெடுப்புகள் அவரைக் கிறிஸ்தவர் என்றே எண்ணக்கூடும். படிப்பிலும் வருவாயிலும் நல்ல நிலையில் உள்ள பெருந்தொகைக் கிறிஸ்தவர்களின் சராசரியில் அவருடைய தடித்த இதயச் சுவர் கரைந்துபோகும். சட்டமும் கணக்கெடுப்பும் அடையாளம் காணாத அவரைத் தேநீர் பெஞ்சில் மட்டும் எல்லோரும் அடையாளம் காண்கிறார்கள்.

சிறுபான்மை என்பதன் பொருளை இங்கே எண்ணிக்கையாகவும் பார்க்க வேண்டும். தன்னைப் போன்ற பத்துப் பேர் உள்ள அலுவலகத்தில் ஒருவருக்கு நேரும் அவமதிப்பை மாலையில் மற்றவரிடம் சொல்லி ஆறலாம். ‘உனக்குத்தான் தோணுது’ என்ற பதில் வராது. இவர் அலுவலகத்தில் இவர் ஒருவர்தான். பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டத்துக்குப் பணிந்து 1859-இல் அரசாணை வந்த மண் இது. 1936-இல் ஆலய நுழைவுப் பிரகடனம் வந்த திருவிதாங்கூரின் பகுதி. அவமதிப்பு உடலில் எங்கே வலிக்கும் என்பதைத் தன் பாட்டிமாரின் கதையாகவே அறிந்த மாவட்டத்தில், இலையில் அமர மறுக்கும் கூட்டம் இன்றும் இருப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

சிகிச்சையும் போக்கும்

மருந்து தொடங்குமுன், அலுவலகத்துக்கு விடுமுறை எடுத்த ஒரு நாளில் கருவியை மீண்டும் பொருத்தினோம். அதே வீடு, அதே உணவு, அதே உப்பு. விழித்திருந்த நேரச் சராசரி 131/82, உறக்கத்தில் 117/71. வேலைநாளில் ஆறு விழுக்காடு மட்டுமே இறங்கிய அழுத்தம் அன்று பத்துக்குச் சற்று மேலே இறங்கியிருந்தது. ஒருவருடைய ஒரு நாள் பதிவைக் கொண்டு காரணத்தை நிறுவிவிட முடியாது. தந்தைவழி வந்த இயல்பும் இதில் கலந்திருக்கும். ஆனால் அந்த இயல்பு இரண்டு நாளுக்கும் பொது. மாறியது இடமும் ஆட்களும் மட்டுமே.

அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரைகளான டெல்மிசார்டன் 40 மி.கி., அம்லோடிபின் 5 மி.கி. தொடங்கினோம். வாயு மாத்திரையை நிறுத்தினோம். மனநல ஆலோசகர் ஒருவரிடம் தொடர்ந்து சென்றார். அவர் முதலில் செய்தது, நடந்தவை கற்பனை அல்ல என்பதை இவருக்கு உறுதிப்படுத்தியதுதான். மூச்சுப் பயிற்சியும் உறக்க ஒழுங்கும் அதற்குப் பிறகே வந்தன. இந்த வரிசை முக்கியமானது. அவமதிக்கப்பட்டவரிடம் எடுத்த எடுப்பில் மனத்தை அமைதியாக வைத்துக்கொள்ளச் சொல்வது, குற்றத்தை அவர் தலையிலேயே கட்டுவதாகும். நள்ளிரவில் தாங்க முடியாமல் போனால் அழைக்க, அரசின் மனநல உதவி அழைப்பான டெலிமானஸ் எண் 14416-ஐ மனைவியின் கைபேசியிலும் பதிவுசெய்து கொடுத்தோம்.

முறையீடு செய்யும் எண்ணம் இவருக்கு இல்லை. எழுந்துபோனதற்கும் சாப்பிடாமல் போனதற்கும் எந்தத் தாளில் எதை எழுதிக் கொடுப்பது என்று கேட்டார். ஆனால் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குச் சம்பளப் பட்டியல் கொண்டுபோகும் நாள்களில் சந்திக்கும், வேறொரு பள்ளியில் பணியாற்றும் தன் சமூகத்து எழுத்தர் ஒருவரிடம் முதன்முறையாக இதைப் பற்றிப் பேசினார். அவருக்கும் இதே கதை இருந்தது. இப்போது இருவரும் மாதந்தோறும் அன்று சேர்ந்து மதியம் சாப்பிடுகிறார்கள். மருந்துக்கு இணையான பங்கு இதற்கும் உண்டு என்று நம்புகிறேன்.

ஆறாம் மாத முடிவில், வேலைநாள் பதிவின் முழுநாள் சராசரி 126/78. மனச்சோர்வு மதிப்பெண் 14-இலிருந்து 6-க்கு இறங்கியது. நெஞ்சுக் கனம் எப்போதாவதுதான் வருகிறது. இரவில் மருத்துவமனைக்கு ஓட நேரவில்லை. விழித்திருக்கும் நேரச் சராசரி 129/80, உறக்கத்தில் 119/73. அதாவது இரவு இறக்கம் இன்னும் எட்டு விழுக்காட்டைத் தொடவில்லை. மாத்திரை அழுத்தத்தைக் குறைத்திருக்கிறது. தேநீர் பெஞ்சை அது மாற்றவில்லை. ஓராண்டு நிறைவில் எக்கோ மீண்டும் எடுக்கப்படும்.

எங்கள் புதிய நோயாளிப் படிவத்தில் புகை, மது, உப்பு ஆகியவற்றுக்கு அடுத்து, வேலையிடத்திலோ ஊரிலோ மரியாதைக் குறைவாக நடத்தப்படுகிறீர்களா, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்ற கேள்வியைச் சேர்த்திருக்கிறோம். முதல் வருகையில் இல்லை என்று வந்தால் அடுத்த வருகையிலும் கேட்கிறோம். அறையில் இயல்பாகவும் உறுப்புகளில் சேதத்தோடும் இருப்பவர்களுக்கு வேலைநாளில் 24 மணிநேரப் பதிவு எடுக்கிறோம். ஞாயிற்றுக்கிழமையோ விடுமுறையிலோ எடுக்கும் பதிவு இத்தகையவர்களிடம் ஏமாற்றிவிடும்.

கடைசி வருகையில் கணவரோடு வந்திருந்த மனைவிக்கும் அழுத்தம் அளந்தோம். 41 வயது, இதுவரை எந்தத் தொல்லையும் சொன்னதில்லை, அளவு 136/88. அவர் அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) தரம்பிரிக்கும் பிரிவில் வேலை செய்கிறார். அவருக்கும் ஒரு வேலைநாளில் கருவி பொருத்தத் தேதி குறித்திருக்கிறோம்.